ஜனவரி பிறந்த பிறகும் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லலாமா?

கேள்வி: அருட்தந்தை அவர்களுக்கு வணக்கம். நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆண்டு முடிவு நெருக்கடியில் டிசம்பர் 24 இரவு வரை அலுவலகத்திலேயே கிடந்தேன். ஒருவருக்கும் வாழ்த்து அனுப்பவில்லை. வந்த வாழ்த்துகளுக்குப் பதிலும் போடவில்லை. இப்போது புத்தாண்டே பிறந்துவிட்டது. இனிமேல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினால் சிரிக்க மாட்டார்களா? அடுத்தது, வீட்டில் தினமும் நடக்கிற சண்டை. புத்தாண்டு முடிந்த கையோடு குடிலையும் மரத்தையும் பிரித்துவிட வேண்டும், விட்டுவைத்தால் வீட்டுக்கு ஆகாது என்கிறார் மாமியார். பிள்ளை ஆசைப்படுகிறாள், மாதக் கடைசி வரை இருக்கட்டுமே என்கிறார் கணவர். எதுதான் சரியான நாள்? மூன்றாவதை எழுதவே தயக்கமாக இருக்கிறது. என் நெருங்கிய தோழியின் கணவர் அக்டோபரில் இறந்துவிட்டார். அவளுக்கு ‘மகிழ்ச்சியான கிறிஸ்துமஸ்’ என்று எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் எதுவுமே அனுப்பவில்லை. நான் செய்தது சரியா?
— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் என் கைக்கு வந்த நாள் ஜனவரி 3. அன்றைக்கு எங்கள் கோவில் குடிலில், குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் ஞானிகள் மூவரின் உருவங்களும் இன்னும் வந்து சேரவில்லை. கிறிஸ்துமஸ் அன்று அவர்களைக் கோவிலின் அந்தக் கோடியில், ஒரு சன்னல் திண்டில் வைத்துவிடுவோம். தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிலை நோக்கி நகர்த்துவது பூசையில் உதவும் பீடச் சிறுவர்களின் வேலை. ஒட்டகத்தை யார் தூக்குவது என்பதில் அவர்களுக்குள் ஒரு தகராறு ஆண்டுதோறும் உண்டு. ஜனவரி 6 அன்றுதான் மூவரும் உள்ளே நுழைவார்கள். அதனால் 3-ஆம் தேதி வந்த உங்கள் கடிதத்தில் ‘இனிமேல் அனுப்பலாமா’ என்று படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் கணக்கில் கிறிஸ்துமஸ் அப்போது நடுவழியில் நின்றுகொண்டிருந்தது.

உங்கள் முதல் இரண்டு கேள்விகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. கிறிஸ்துமஸ் என்பது டிசம்பர் 25 என்கிற ஒற்றை நாள், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். அப்படி நினைப்பதில் ஆச்சரியமும் இல்லை. கடைகளில் நவம்பரிலேயே நட்சத்திரம் தொங்குகிறது, டிசம்பர் முதல் வாரத்திலிருந்து கேக் வெட்டுகிறார்கள். 25 மதியத்துக்குள் ஆளுக்கு ஆள் களைத்துப்போகிறோம். 26 காலையில் மரத்தைப் பார்த்தாலே அலுப்பு. ஆனால் திருச்சபையின் நாள்காட்டி இதற்கு நேர் எதிராக ஓடுகிறது. 25-க்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் திருவருகைக் காலம். அது காத்திருக்கும் காலம். கொண்டாட்டம் 25-இல் தொடங்குகிறது. 567-ஆம் ஆண்டிலேயே பிரான்சின் தூர் நகரில் கூடிய ஆயர்கள், கிறிஸ்து பிறப்புக்கும் திருக்காட்சிக்கும் (ஞானிகள் வந்ததைக் கொண்டாடும் ஜனவரி 6) இடைப்பட்ட நாள்கள் எல்லாமே விழா நாள்கள் என்று எழுதிவைத்துவிட்டார்கள். பன்னிரண்டு நாள் கிறிஸ்துமஸ் என்பது அந்தப் பழைய கணக்குதான்.

ஆக, ஜனவரி 6 வரை நீங்கள் தாராளமாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லலாம். ‘பிந்திய வாழ்த்துகள்’ என்றுகூட எழுத வேண்டாம். குழந்தையைத் தேடி வந்த ஞானிகளே தாமதமாகத்தான் வந்தார்கள். மத்தேயு நற்செய்தியைக் கவனமாகப் படித்துப் பாருங்கள்: அவர்கள் நுழைந்தது ஒரு வீட்டுக்குள், தொழுவத்துக்குள் இல்லை. ஏரோது மன்னன் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளைத் தேடிக் கொல்லச் சொன்னதை வைத்துப் பார்த்தால், பிறந்து கணிசமான நாள்கள் ஆகியிருக்க வேண்டும். (மூன்று பேர் என்றும் அதில் இல்லை. காணிக்கைகள்தான் மூன்று. குடில் செய்கிறவர்கள் கணக்கை நேராக்கிவிட்டார்கள்.)

இன்னொன்று. உங்கள் அலுவலகத்தில் ரஷ்யா, செர்பியா, ஜார்ஜியா, எத்தியோப்பியா மாதிரியான நாடுகளிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்கு நீங்கள் தாமதமே இல்லை. பழைய ஜூலியன் நாள்காட்டி இப்போது நம்முடையதைவிட 13 நாள் பின்தங்கி ஓடுகிறது. அதன் டிசம்பர் 25 நமக்கு ஜனவரி 7. ஆர்மீனியத் திருச்சபை ஜனவரி 6-இல் கொண்டாடுகிறது. உக்ரைன்காரர் என்றால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். 2023-இல் அந்த நாடு அரசு விடுமுறையை டிசம்பர் 25-க்கு மாற்றிவிட்டது, ஆனாலும் பழைய தேதியை விடாத குடும்பங்கள் இருக்கின்றன.

சரி, எப்படி அனுப்புவது? உங்களுக்கு ஆறுதலாக ஒரு செய்தி சொல்கிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்ற பொருளே உங்களைப் போல வேலை நெருக்கடியில் மாட்டிய ஒருவரால் வந்ததுதான். 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்கிற அதிகாரி, வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் எழுத நேரம் இல்லாமல், ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரையச் சொல்லி அச்சடித்துவிட்டார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அது. படத்தில் ஒரு குடும்பம் விருந்தில் இருக்கிறது; சின்னக் குழந்தைக்கும் ஒயின் புகட்டுகிறார்கள். அதற்காக மனிதர் வாங்கிக் கட்டிக்கொண்டார், அது வேறு கதை. எனக்கு அந்த அட்டையில் பிடித்தது வேறொன்று. யாருக்கு, யாரிடமிருந்து என்று பெயரைக் கையால் எழுத இடம் விட்டிருந்தார்கள். அச்சில் வார்த்த வாழ்த்துதான், இருந்தாலும் பெயர் எழுதுகிற அந்த ஒரு நொடியாவது அனுப்புகிறவர் எதிராளியை நினைத்தாக வேண்டும்.

இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் மினுமினுக்கிற படங்களில் அந்த இடம்தான் காணாமல் போய்விட்டது. எனவே நூறு பேருக்கு ஒரே படத்தைத் தள்ளிவிடாதீர்கள். குழுக்களில் வந்ததற்கெல்லாம் பதில் போட வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் பெயரைச் சொல்லி யார் வாழ்த்தினார்களோ அவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிப் பார்த்தால் இருபது பேரைத் தாண்டாது. பெயரைச் சொல்லி, கூட அவருக்கு மட்டும் பொருந்துகிற ஒரு வரி. ‘மாலதி, உங்கள் வாழ்த்து கிடைத்தது. வேலையில் மூழ்கிக் கிடந்தேன். மகனுக்குக் கையில் கட்டுப் பிரித்தாயிற்றா? கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.’ போதும். மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதினால் வாழ்த்து வாங்கியவர் உங்களைச் சமாதானப்படுத்த உட்கார வேண்டும். பெரியவர்களுக்கு எழுத்து வேண்டாம், போன் போட்டுப் பேசிவிடுங்கள். அலுவலகத் தொடர்புகளுக்குப் புத்தாண்டு வாழ்த்தே பொருத்தம், அதற்கு ஜனவரி முழுவதும் கதவு திறந்திருக்கிறது.

‘எக்ஸ்மஸ்’ என்று எழுதலாமா, கிறிஸ்துவை அழித்துவிட்டு எக்ஸ் போடுகிறார்களே என்று சிலர் என்னிடம் கோபப்படுவார்கள். கிரேக்கத்தில் கிறிஸ்து என்கிற பெயரின் முதல் எழுத்துதான் அந்த எக்ஸ் மாதிரி இருக்கும் ‘கை’. பல நூற்றாண்டுகளாகவே அதைச் சுருக்கமாக எழுதிவந்திருக்கிறார்கள். கோபம் தேவையில்லை. ‘வாழ்த்துகளா, வாழ்த்துக்களா’ என்கிற சண்டைக்கு நான் வரவில்லை. யார் ‘க்’ போட்டு வாழ்த்தினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

இனி உங்கள் வீட்டுச் சண்டைக்கு வருவோம்.

மாமியார் சொல்வதில் பாதி சரி. ஒரு நாள் வேண்டும் என்பது சரி. ஆகாது என்பதில்தான் ஒன்றுமில்லை. விவிலியத்தில் அப்படி ஒரு வரி கிடையாது, திருச்சபைச் சட்டத்திலும் கிடையாது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். இங்கிலாந்தில் பன்னிரண்டாம் இரவுக்குள், அதாவது ஜனவரி 5 இரவுக்குள், அலங்காரத்தை எடுக்காவிட்டால் ஆண்டு முழுக்கத் துரதிர்ஷ்டம் என்பார்கள். எண்ணிக்கையை 25-இல் தொடங்குவதா 26-இல் தொடங்குவதா என்பதில் தகராறு இருப்பதால், சிலருக்கு அது ஜனவரி 6. ஆக, துரதிர்ஷ்டம் எந்த ராத்திரி வரும் என்பதிலேயே ஒத்த கருத்து இல்லை. இன்னும் பின்னால் போனால் தேதியே வேறு. 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதை ஒன்றில், பிப்ரவரி 2-க்கு முந்தைய இரவில் வீட்டு அலங்காரத் தழைகளை எல்லாம் இறக்கிவிடுங்கள், விட்டுப்போன ஒவ்வோர் இலைக்கும் ஒரு பூதத்தைப் பார்ப்பீர்கள் என்று பணிப்பெண்களைப் பயமுறுத்துவார் கவிஞர். அன்றைக்கு ஜனவரி முழுவதும் தொங்கவிட்டவர்களை எந்தப் பூதமும் தொடவில்லை. ஒரு மாதம் முன்னால் நகர்ந்து வருகிற பூதத்துக்கு நாம் ஏன் பயப்பட வேண்டும்?

பிப்ரவரி 2 எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கணவரின் கட்சிக்கு அதுதான் பலம். ஆண் குழந்தை பெற்ற தாய் நாற்பது நாள் கழித்துக் கோவிலுக்குப் போவது மோசேயின் சட்டம். டிசம்பர் 25-ஐ முதல் நாளாக வைத்து எண்ணினால் நாற்பதாவது நாள் பிப்ரவரி 2. மரியாவும் யோசேப்பும் குழந்தையைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த நாள் என்று அதைக் கொண்டாடுகிறோம். அங்கே சிமியோன் என்கிற முதியவர் குழந்தையைக் கையில் வாங்கி ‘பிற இனத்தாருக்கு ஒளி’ என்று பாடியதால் அன்று மெழுகுவர்த்திகளை மந்திரிக்கும் வழக்கம் உண்டு. போலந்தில் அதுவரை கிறிஸ்துமஸ் பாடல் பாடுவார்கள். ஆங்கிலிக்கன் சபையார் பலர் குடிலை அதுவரை விட்டுவைப்பார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையின் இன்றைய நாள்காட்டி, 1969 சீர்திருத்தத்துக்குப் பிறகு, கிறிஸ்து பிறப்புக் காலத்தை ஆண்டவரின் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) விழாவோடு முடிக்கிறது. ஜனவரி 7-க்கும் 13-க்கும் இடையில் அது வரும். சுவீடனில் ஜனவரி 13, புனித கனூட் நாள் என்று தனியாகவே இருக்கிறது. குழந்தைகள் கூடி ஆடிப்பாடி, மரத்தில் மிச்சமிருக்கும் தின்பண்டங்களைச் சூறையாடிவிட்டு மரத்தை வெளியே தள்ளுவார்கள்.

ஒரு நாளைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், நான் சொல்வது திருமுழுக்கு விழா ஞாயிறு. ஞானிகள் வந்து சேர்ந்திருப்பார்கள், பிள்ளையும் வீட்டில் இருப்பாள், உங்களுக்கும் விடுமுறை. ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது வெட்டிய நிஜ மரம் என்றால் நாள்காட்டியைப் பார்க்காதீர்கள், மரத்தைப் பாருங்கள். கிளையை விரலால் உருவினால் ஊசியிலைகள் கையோடு வருகின்றனவா? தண்ணீர் உறிஞ்சுவதை நிறுத்திவிட்டதா? அன்றே எடுத்துவிடுங்கள், அது டிசம்பர் 28 ஆனாலும் சரி. காய்ந்த மரத்தின்மேல் சூடான பல்புச் சரம் கிடந்தால் தீப்பிடிக்க ஒரு நிமிடம் ஆகாது. வீட்டுக்கு ஆகாது என்று மாமியார் சொல்வது அந்த இடத்தில் முழுக்க உண்மை.

மாமியாரிடம் சாஸ்திரம் பேசி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். ஒன்று மட்டும் கேளுங்கள்: போன ஆண்டு குடிலைப் பிரித்தது யார்? பஞ்சுப் பனியைத் தரையிலிருந்து பொறுக்கியது யார்? வைக்கோலைக் கூட்டியது, அட்டைப்பெட்டியைப் பரணில் ஏற்றியது? அவர்தான் என்றால், அந்த ‘ஆகாது’வுக்குள் முழங்கால் வலி ஒளிந்திருக்கலாம். நானும் இப்படித்தான் ஒருமுறை ஏமாந்தேன். ஒரு பங்குக் கோவிலுக்குப் புதிதாகப் போன சமயம், கோவிலைச் சுத்தம் செய்யும் அம்மா ஒருவர் 27-ஆம் தேதியே குடிலை எடுத்துவிடலாம் சாமி என்று வந்து நின்றார். நான் பன்னிரண்டு நாள் கணக்கை அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘சரி சாமி, அந்த வைக்கோல்ல எலி வந்துடுச்சு, அதைச் சொல்லத்தான் வந்தேன்’ என்றார்.

எனவே முதலில் ஆளை முடிவு செய்யுங்கள், நாள் தானாக முடிவாகும். மாதக் கடைசி வரை வேண்டும் என்கிற உங்கள் கணவரே பிரித்து அடுக்கட்டும். அவருக்குச் சில குறிப்புகள். சீரியல் விளக்கைக் கழற்றுமுன் ஒருமுறை எரியவிட்டுப் பார்க்க வேண்டும். எரியாததை இப்போதே தனியாகப் பிரித்தால் அடுத்த டிசம்பர் 23 இரவு சிக்கலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. கடைசியாகச் சுற்றியதை முதலில் கழற்றி, சரத்தைக் கையில் பந்தாக உருட்டாமல் ஒரு தடித்த அட்டைத் துண்டில் சுற்றிவைக்கலாம். பிளக் வெளியே தெரிகிற மாதிரி. கண்ணாடி உருண்டைகளுக்கு முட்டை அட்டை அளவெடுத்த மாதிரி இருக்கும். குடில் உருவங்களைப் பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டிக்கொள்ளும். குழந்தை உருவத்தை உங்கள் மகள் கையில் கொடுத்து அவளையே சுற்றச் சொல்லுங்கள். காது உடைந்த ஆடு ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த ஆண்டு பிள்ளைகள் முதலில் தேடுவது அதைத்தான்.

இப்போது மூன்றாவது கேள்வி.

நீங்கள் செய்தது சரியில்லை, சகோதரி. அதே சமயம், ‘மகிழ்ச்சியான’ என்பதை அழித்தீர்களே, அது சரி. அந்தச் சொல்லை அழித்ததும் சொல்ல வேறு ஒன்றும் இல்லை என்று நினைத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் தவறு.

கிறிஸ்துமஸ் என்றாலே சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும் என்று விளம்பரங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. அந்தப் பன்னிரண்டு நாள்களுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். 25 முடிந்த மறுநாளே, டிசம்பர் 26, கல்லால் அடித்துக் கொல்லப்பட்ட ஸ்தேவானின் நாள். நேற்று வெள்ளை உடை உடுத்திய குரு இன்று இரத்தத்தின் நிறமான சிவப்பு உடுத்துவார். 28, மாசில்லாக் குழந்தைகளின் நாள். ஏரோதின் ஆட்கள் பெத்லகேமில் கொன்ற பிள்ளைகள். அன்று கோவிலில் வாசிக்கும் பகுதியில், ராகேல் தன் குழந்தைகளுக்காக அழுதுகொண்டிருக்கிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள் என்று வருகிறது. குடிலில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அதை வாசிக்கிறோம். அவளைத் தேற்றி அனுப்பிவிட்டுத்தான் விழாவைத் தொடர வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அழுகிறவளுக்கு அந்தப் பன்னிரண்டு நாளில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் தோழிக்கு எழுதுவது கிறிஸ்துமஸுக்கு வெளியே நின்று எழுதுவது ஆகாது. அவருடைய கணவரின் பெயரைச் சொல்லி எழுதுங்கள். துக்க வீட்டுக்காரர்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்: இறந்தவரின் பெயரை எல்லாரும் சுற்றி வளைத்துத் தவிர்ப்பதுதான் தாங்க முடியவில்லை என்று. ‘நீங்கள் இருவரும் போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்ததை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் எழுதாமல் இருந்துவிட்டேன். இந்த வாரம் ஒரு நாள் வரட்டுமா?’ இந்த மாதிரி. இங்கே மட்டும் தாமதத்தை ஒப்புக்கொள்வது நல்லது. அவர் அந்த மௌனத்தை நிச்சயம் கவனித்திருப்பார். ‘காலம் எல்லாவற்றையும் ஆற்றும்’, ‘அவர் உன்னை மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்’ எல்லாம் வேண்டாம். கடவுளின் திட்டம் என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். அதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள நாங்கள் இருக்கிறோம். நீலக் குறி வந்தும் பதில் வராமல் போகலாம். அதற்காக இன்னொரு செய்தி அனுப்பிக் கேட்காதீர்கள், இரண்டு நாள் கழித்து நேரே போய்விடுங்கள்.

போனால் என்ன பேசுவது என்று யோசிப்பீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, கணவர் போன ஆண்டு மரம் வைக்கவில்லை. அடுத்த ஆண்டு பேரப்பிள்ளைகள் கேட்டார்கள் என்று பரணிலிருந்து பெட்டியை இறக்கியிருக்கிறார். மூடியைத் திறந்ததும் மேலாக ஒரு துண்டுச்சீட்டு, அவர் கையெழுத்தில்: ‘பச்சை சீரியல் ஓடாது. பல்பு வாங்கணும்.’ ஒரு மணி நேரம் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். அப்புறம் எழுந்து போய் பல்பு வாங்கிவந்தாராம்.

உங்கள் தோழி வீட்டிலும் ஒரு பெட்டி இந்த ஆண்டு இறங்காமலே பரணில் இருக்கும். அதைப் பற்றி நீங்களாகப் பேச்சை எடுக்க வேண்டாம். அவரே எடுத்தால், காபி ஆறினாலும் பரவாயில்லை, முழுவதும் கேட்டுவிட்டு வாருங்கள்.